ஐ5 என்றால் எத்தனையாவது ஐ5? வீட்டுக் கம்ப்யூட்டர் கேள்வி பதில்

வியாசர்பாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்துவிட்டால் ரிப்பேருக்கு வருகிறவர்களைவிட, "அக்கா, எது வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். கேட்டவர்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

பையன் பத்தாவது படிக்கிறான். யூடியூபில் பாடம், பிராஜெக்ட், கொஞ்சம் டைப்பிங். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. புதுசு வாங்கவா, செகண்ட் ஹேண்டா? (கொருக்குப்பேட்டை)

செகண்ட் ஹேண்ட் வாங்குங்கள் அக்கா. அதிலும் கம்பெனிகளில் ஓடிய பிராண்டட் பெட்டியாகப் பாருங்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க், லெனோவா திங்க்சென்டர் எல்லாம் அந்த ரகம். ஆபீஸில் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்தவை. வாரண்டி முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் மொத்தமாக மாற்றுவார்கள், நல்ல நிலையில் இருக்கிற பெட்டிகளும் அதோடு வெளியே வந்துவிடும்.

இதே பணத்துக்குப் புதிதாக அசெம்பிள் பண்ணினால் கடைக்காரர் எங்கேயாவது கையை இறுக்கித்தான் ஆக வேண்டும். முதலில் இறுக்குவது உங்கள் கண்ணுக்குத் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் கரன்ட் பிரித்துக் கொடுக்கிற பாகத்தில். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது சில சமயம் போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அந்த மாதிரி எத்தனையோ பெட்டிகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

8-வது ஜென் (ஜெனரேஷன், அதாவது தலைமுறை) அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர், 8 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படுகிற மெமரி), 256 ஜிபி எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கிற வேகமான டிஸ்க்). இந்த மூன்றையும் கேளுங்கள். 4 ஜிபியில் வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2025 கடைசியில் ராம் விலை நன்றாக ஏறிவிட்டது. 8 ஜிபி போட்டே வருகிற பெட்டிதான் லாபம்.

ஒரு கடையில் ஐ7 பெட்டி 8,000 ரூபாய்தான் என்கிறார்கள். 8-வது ஜென் ஐ3 அதைவிட விலை அதிகம். ஐ7தானே பெரியது? (திருவொற்றியூர்)

தம்பி, இந்த ஒரு இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இன்டெல் பிராசசரில் ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்த வருடத்து வரிசைக்குள் இருக்கிற தரம். எந்தக் காலத்து ஐ7 என்று பின்னால் வருகிற நம்பர்தான் சொல்லும். ஐ7-2600 என்றால் 2-வது ஜென், 2011-இல் வந்தது. ஐ5-8500 என்றால் 8-வது ஜென். ஐ5-10400 என்றால் 10-வது. ஐ7-870 என்று மூன்றே இலக்கம் இருந்தால் அது முதல் ஜென், தொடவே வேண்டாம்.

ஐ7-2600 ஒரு காலத்தில் ராஜா மாதிரி ஓடியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் நாம் செய்கிற வேலைக்கு 8-வது ஜென் ஐ3-8100 அதைவிடச் சுறுசுறுப்பாக இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற வகையில் வீடியோ அனுப்புகிறது. அதைப் பிரித்துக் காட்ட 8-வது ஜென்னின் கிராபிக்ஸுக்குள்ளேயே தனி வசதி உண்டு. 2-வது ஜென்னில் அது கிடையாது. முழு பாரமும் பிராசசர் தலையில் விழுந்து, பெட்டி சூடாகி, ஃபேன் கத்தும்.

எல்லாவற்றுக்கும் மேலே விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-வது ஜென்னும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. பழைய பெட்டியிலும் 11-ஐ ஏற்றித் தருகிறேன் என்பார்கள். குறுக்கு வழியில் ஏறும்தான், ஆனால் பின்னால் பெரிய அப்டேட் வரும்போது நின்றுபோகலாம். 'பிசி ஹெல்த் செக்' என்று மைக்ரோசாஃப்டே இலவசமாக ஒரு ஆப் தருகிறது. கடையிலேயே அதை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனால் எதைச் சோதிப்பது? எனக்கு ஒன்றும் தெரியாது. (தண்டையார்பேட்டை)

உங்கள் ஊரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். காலையிலேயே போங்கள், கூட்டம் சேர்ந்துவிட்டால் கடைக்காரர் நின்று காட்ட மாட்டார்.

எங்கள் வீட்டு முதல் கம்ப்யூட்டரை அம்மா சீட்டு எடுத்து வாங்கித் தந்தார். 4 ஜிபி ராம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே 2 ஜிபிதான். பில்லில் வெறுமனே 'கம்ப்யூட்டர் 1' என்று எழுதியிருந்தது, யாரிடம் போய்க் கேட்பது? அதனால் சொல்கிறேன், பெட்டியை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் பிராசசர் பெயரையும் ராம் அளவையும் உங்கள் கண்ணால் பாருங்கள். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற ஆப் போட்டு எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரு பென் டிரைவ் கொண்டுபோய் ஒவ்வொரு யுஎஸ்பியிலும் சொருகுங்கள். கால் மணி நேரம் யூடியூப் ஓடட்டும். அப்புறம் பிளக்கைப் பிடுங்கி, சில நிமிஷம் விட்டுத் திரும்பப் போடுங்கள். தேதி தப்பாகக் காட்டினால் உள்ளே பட்டன் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம், அது சின்னச் செலவு, அங்கேயே மாற்றச் சொல்லலாம். பில்லில் சீரியல் நம்பர், ராம், எஸ்எஸ்டி, எத்தனை மாத வாரண்டி, எல்லாம் எழுத்தில் வேண்டும்.

வைஃபை, கேமரா எல்லாம் உள்ளேயே வருமா? (புளியந்தோப்பு)

ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் வராது. யுஎஸ்பி வைஃபை டாங்கிளும் வெப்கேமும் தனியாக வாங்க வேண்டும். மானிட்டர் கேபிளையும் பாருங்கள், சில மாடல்களில் எச்டிஎம்ஐ இல்லாமல் டிஸ்ப்ளே போர்ட் மட்டும்தான் இருக்கும்.

வீட்டில் 32 இஞ்ச் டிவி இருக்கிறது. அதையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா? (ராயபுரம்)

பணம் சேரும்வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அளவு டிவிகள் பலவும் 1366-க்கு 768 தான். எழுத்து கொசகொசவென்று தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்குக் கண் வலிக்கும். 22 இஞ்ச் ஃபுல் எச்டி மானிட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். சாயங்காலம் டிவி யாருக்கு என்ற சண்டையும் வராது.

காசிமேட்டில் இருக்கிறோம். போன கம்ப்யூட்டர் சீக்கிரமே துருப்பிடித்துவிட்டது. திரும்ப வாங்கவே பயமாக இருக்கிறது.

உப்புக்காற்று அப்படித்தான். கடலைப் பார்த்த ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். வாரக்கணக்கில் அணைத்தும் வைக்காதீர்கள், தினம் கொஞ்ச நேரம் ஓடினால் உள்சூட்டில் ஈரம் தங்காது. திடீரென்று பீப் சத்தம் மட்டும் வந்து திரை வரவில்லையா? உடனே போர்டு போச்சு என்று செலவழிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்துப் போட்டுப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே உயிர் வந்துவிடும்.

பெட்டியைத் தரையில் மட்டும் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு என் மேஜைக்கு வந்த பெட்டிகளில் அநேகம் தரையில் நின்றவைதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் சுவரில் உயர மாட்டுங்கள்.

யுபிஎஸ் கட்டாயமா? கரன்ட் பில் எகிறுமா? (எண்ணூர்)

யுபிஎஸ் வேண்டும். 600 விஏ போதும். கரன்ட் போனால் வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அவகாசம் கிடைக்கும். இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும்.

பில்லுக்குப் பயப்பட வேண்டாம். இந்த மாதிரிச் சின்னப் பெட்டியும் மானிட்டரும் சாதாரண வேலையில் சேர்ந்து சுமார் 50 வாட் என்று வையுங்கள். தினம் 5 மணி நேரம் ஓடினால் கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 15 யூனிட்.

எனக்கு 64 வயது. தமிழில் எழுதத்தான் கம்ப்யூட்டர் கேட்கிறேன். தனியாக ஏதாவது சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா? (பெரம்பூர்)

வேண்டாம் ஐயா. விண்டோஸ் 11-லேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். எழுத லிப்ரே ஆபீஸ் இலவசம். வாங்கும்போது செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, விண்டோஸ் ஆக்டிவ் என்று இருக்கிறதா பாருங்கள். தமிழ்99-இல் உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது பக்கம். முதல் சில நாள் விரல் தேடும். விசைப்பலகைப் படத்தைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன், இந்தப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போங்கள்.