பெரிய பேட்டரியில் 71% சார்ஜ் இருந்தும் எலெக்ட்ரிக் கார் ஏன் திறக்கவே இல்லை?

கேட்டவருடைய எலெக்ட்ரிக் காருக்கு மூன்று வயது. இரவு நிறுத்தும்போது திரையில் 71% காட்டியிருக்கிறது, காலையில் கதவுகூடத் திறக்கவில்லை. காரில் தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி போய்விட்டது என்கிறார்களாம். அவ்வளவு பெரிய பேட்டரி உள்ளே இருக்கும்போது இது எப்படி நடக்கும், இப்போது என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

எனக்கும் அப்படி ஒரு காலை வந்தது. அப்பாவுக்கு ஒன்பது மணிக்குக் கண் பரிசோதனை. ரிமோட்டை அழுத்தினால் சத்தமே இல்லை. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சின்ன இரும்புச் சாவியை உருவி, கதவைத் திறந்து, உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். விளக்குகள் எல்லாம் ஒரு நொடி எரிந்தன. பிரேக் கோளாறு, ஸ்டியரிங் கோளாறு, ஏர்பேக் கோளாறு என்று திரையில் வரிசையாக ஓடியது. உள்ளே எங்கோ ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், டிக்டிக்டிக் என்று அடித்துக்கொண்டது. அப்புறம் எல்லாம் இருண்டுவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்ற அப்பா, "வண்டி மொத்தமா போச்சாப்பா?" என்று கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரிலேயே விலை கூடிய பொருள் அந்தப் பெரிய பேட்டரிதான்.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரிய பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. திரையில் வந்த அந்தக் கோளாறுகளில் முக்கால்வாசி பொய். வோல்ட் குறையும்போது காரில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் ஆளுக்கொரு புகார் சொல்லும், அவ்வளவுதான்.

பெரிய பேட்டரி பெரும்பாலான கார்களில் 300 முதல் 400 வோல்ட், சிலவற்றில் 800 வரை. நின்றுகொண்டிருக்கும் காரின் கம்பிகளில் அவ்வளவு மின்சாரம் இருப்பது ஆபத்து. அதனால் காரை அணைத்ததுமே கான்டாக்டர் எனப்படும் கனமான ரிலேக்கள் அந்தப் பேட்டரியைத் தனியே துண்டித்துவிடும். அவற்றை மறுபடி இணைக்க வேண்டுமானால் 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். கதவுப் பூட்டு, விளக்குகள், வைப்பர், பிரேக்கைக் கவனிக்கும் கம்ப்யூட்டர் எல்லாமே அந்தச் சின்ன பேட்டரியை நம்பித்தான் விழிக்கின்றன. பெட்டி நிறையப் பணம் இருக்கிறது, சாவிதான் தொலைந்துவிட்டது. நானும் பதற்றத்தில் முதலில் சார்ஜர் வயரைக் கொண்டுபோய்ச் சொருகினேன். எதுவும் நடக்கவில்லை. சார்ஜ் ஏற்றும் வேலையைத் தொடங்கி வைக்கிற கம்ப்யூட்டரும் 12 வோல்ட்டில்தானே ஓடுகிறது!

இதில் என்னை இன்னும் உறுத்துவது, இந்தப் பேட்டரி முன்கூட்டியே ஒரு அறிகுறியும் காட்டாமல் போவதுதான். பெட்ரோல் காரில் பேட்டரி தளர்ந்தால் செல்ஃப் அடிக்கும்போதே தெரிந்துவிடும், இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றும். இரண்டு வாரம் அப்படி முனகிவிட்டுத்தான் நிற்கும். எலெக்ட்ரிக் காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாது. ரிலேக்களை இணைக்கவும் கம்ப்யூட்டர்களை எழுப்பவும் கொஞ்சம் மின்சாரம் போதும். எனவே பாதி செத்த பேட்டரியும் தினமும் காரைக் கிளப்பிவிடும். ஓட ஆரம்பித்ததும் டிசி-டிசி கன்வெர்ட்டர் பெரிய பேட்டரியிலிருந்து எடுத்து 12 வோல்ட் பக்கத்தைத் தாங்கிக்கொள்ளும், நமக்கு எதுவும் தெரியாது. கடைசியில் ஓர் இரவு அந்தக் கொஞ்சமும் இல்லாமல் போகும். சில கார்கள் எச்சரிக்கை காட்டுகின்றன, ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். என் கார் எதுவுமே காட்டவில்லை.

சரி, இப்போதைக்குக் காரை எழுப்ப வேண்டும். கொஞ்சம் மின்சாரம் போதும் என்பதால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டரே தாராளம், 12 வோல்ட் பேட்டரி உள்ள இன்னொரு காரும் போதும். பக்கத்து வீட்டு அண்ணன் தன் காரைக் கொண்டுவந்து அருகில் நிறுத்தினார். சிவப்பு வயரை முதலில் என் பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனையை அவர் பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டினோம். பிறகு கறுப்பு வயர், அவர் பேட்டரியின் மைனஸில். அதன் கடைசி முனையை என் பேட்டரியில் மாட்டாமல் சற்றுத் தள்ளி, பெயின்ட் இல்லாத ஒரு இரும்பு போல்ட்டில் கவ்வவிட்டோம், பேட்டரியருகே பொறி பறக்கக் கூடாது. பட்டனை அழுத்தினேன். சீட்டுக்கு அடியிலிருந்து 'டக்' என்று ஒரு கனமான சத்தம், கான்டாக்டர் இணைந்த சத்தம். கார் ஓடத் தயார் என்று காட்டும் 'ரெடி' விளக்கு எரிந்தது. மாட்டியதற்குத் தலைகீழ் வரிசையில் வயர்களைக் கழற்றினோம்.

உங்கள் காரில் எந்த இடத்தில் வயர் மாட்ட வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சிலவற்றில் பானட்டே மின்சாரத்தில்தான் திறக்கும், அவற்றைத் திறப்பதற்கென்று வெளியே தனி வயர்முனை இருக்கும். ஆரஞ்சு நிற வயர் எதிலும் கை வைக்காதீர்கள், அது உயர் மின்னழுத்தம். இதற்குக் கைமாறாக உங்கள் எலெக்ட்ரிக் காரை வைத்து இன்னொரு பெட்ரோல் காரைக் கிளப்பப் போகாதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் மின்சாரத்துக்கு அந்தக் கன்வெர்ட்டர் செய்யப்பட்டதல்ல, பல கார்களின் கையேடுகளும் வேண்டாம் என்றே சொல்கின்றன. உங்கள் கார் எழவே இல்லையென்றால் தட்டு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மோட்டாரோடு இணைந்த சக்கரங்கள் தரையில் உருள இழுத்துப்போனால் மோட்டார் சுற்றி மின்சாரம் உண்டாகும், சேதம் வரும்.

கார் எழுந்துவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அந்தச் சின்ன பேட்டரி ஈய அமில வகை. அது நல்ல நிலையில், ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. என்னுடையது அன்று 9.8 காட்டியது. இந்த அளவை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு: கதவைத் திறந்தாலே கார் விழித்துக்கொண்டு எண்ணைக் குழப்பிவிடும். பானட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காரைப் பூட்டி, இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிறகு காரை 'ரெடி'யில் வைத்து இன்னொரு முறை. இப்போது 13.5-லிருந்து 14.5-க்குள் வந்தால் பெரும்பாலும் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது என்று பொருள். அப்போதும் 12-ஐச் சுற்றியே நின்றால் சின்ன பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை, கன்வெர்ட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். 2024-இல் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் பல்லாயிரம் எலெக்ட்ரிக் கார்களைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான்: சார்ஜ் கட்டுப்பாட்டுப் பெட்டி கெட்டு, 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாமல் போனது.

என் விஷயத்தில் கன்வெர்ட்டர் நன்றாகவே இருந்தது. குற்றவாளி நானே மாட்டிய டேஷ் கேமரா. நிறுத்தியிருக்கும்போதும் இரவெல்லாம் படம் பிடிக்கும்படி வைத்திருந்தேன். அதோடு, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று ஒரு நாளைக்குப் பத்து முறை போனில் பார்க்கும் பழக்கம். சில கார்களில் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் கார் விழித்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் தூங்கும். ஈய பேட்டரியைச் சார்ஜ் இறங்கியே வைத்திருந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும். அப்படி இறுகியது பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. ஜம்ப் கொடுத்து எழுப்பிய பேட்டரி இரண்டு நாளில் மறுபடி படுப்பது இதனால்தான். எனக்கும் மூன்றாம் நாள் காலையில் படுத்தது.

உங்களுடையது மூன்று வருடப் பேட்டரி என்கிறீர்கள். சோதித்துப் பார்த்துத் தேறவில்லை என்றால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். என்ன வகை பேட்டரி இருந்ததோ அதே வகையை வாங்குங்கள். டெஸ்லாவின் புதிய கார்கள் போன்ற சிலவற்றில் இந்தச் சின்ன பேட்டரியே லித்தியம், அங்கே ஈய பேட்டரியையோ அதன் சார்ஜரையோ மாட்டக் கூடாது. பேட்டரி காருக்குள்ளே இருந்தால் வாயு வெளியேறும் குழாயையும் பழையபடி பொருத்தச் சொல்லுங்கள். சில கார்களில் புது பேட்டரி மாட்டியதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும், அதையும் கேளுங்கள். கழற்றும்போது ரிமோட் காருக்குள் இருக்கக் கூடாது, பானட்டும் மூடியிருக்கக் கூடாது.

என் புது பேட்டரியின் தலையில் மாட்டிய தேதியை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். கேமராவின் இரவுப் பதிவை நிறுத்திவிட்டேன். மாதம் ஒருமுறை மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறேன், போன ஞாயிற்றுக்கிழமை 12.6 இருந்தது.