முழங்கால் வலியோடு பித்தோன் தே நேஜ் ஏறலாமா?

கேள்வி: மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில் இருக்கிறேன். வயது 54. அக்டோபரில் ரீயூனியன் சேன் லூயியில் உள்ள நாத்தனார் வீட்டுக்கு வருகிறோம். பித்தோன் தே நேஜ் எரிமலையில் ஏறிச் சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்கிறான் மகன். எனக்கும் ஆசைதான். ஆனால் மாடிப்படி இறங்கும்போது வலது முழங்கால் வலிக்கிறது. ஒரே நாளில் போய்வர முடியுமா? எரிமலையால் ஆபத்து உண்டா?

பதில்: எரிமலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். பித்தோன் தே நேஜ் கடைசியாகச் சீறியது பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு. அடிக்கடி குழம்பு கக்குவது தென்கிழக்கில் இருக்கும் பித்தோன் தெ லா ஃபுர்னேஸ். அது வேறு மலை.

என் கவலை உங்கள் முழங்கால்தான். ஏறும்போது வலிக்கிறது என்று எழுதியிருந்தால் கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். மூச்சு வாங்கினால் நின்று ஆற்றிக்கொள்ளலாம். இறங்கும்போது அப்படி இல்லை. ஒவ்வொரு அடிக்கும் தொடைத் தசை பிரேக் போட வேண்டும், அது களைத்துவிட்டால் மொத்த பாரமும் மூட்டில் இறங்கும். மலை ஊரான சிலாவோஸ் பக்கம் லெ பிளோக் என்ற இடத்தில் பாதை தொடங்குகிறது. அங்கிருந்து 3,070 மீட்டர் உச்சிக்குக் கிட்டத்தட்ட 1,700 மீட்டர் ஏற்றம். உங்கள் மொரீஷியஸின் உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தனையையும் அன்றைக்கே இறங்கவும் வேண்டும். ஆகவே ஒரே நாள் பயணம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் காலையில் கிளம்பி, 2,478 மீட்டரில் உள்ள கவேர்ன் துஃபூர் மலைவிடுதி வரை மட்டும் போங்கள். மூன்று மணி நேரம் என்பார்கள், நீங்கள் நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரவு தங்கல். கடற்கரையிலிருந்து ஒரேயடியாக மூவாயிரம் மீட்டர் ஏறினால் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். இடையில் ஓர் இரவு தங்கினால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும்.

மறுநாள்தான் உங்களுக்கும் மகனுக்கும் வாக்குவாதம் வரும். உதயத்தை உச்சியில் நின்று பார்க்க எல்லாரும் மூன்று, மூன்றரைக்கே நெற்றி விளக்கோடு கிளம்பிவிடுவார்கள். மேல் பகுதி முழுக்கச் சரளையாக உதிரும் எரிமலைக் கல். பாறையில் தீட்டிய வெள்ளை அடையாளங்களைப் பார்த்துத்தான் வழி பிடிக்க வேண்டும். இருட்டில் கால் பிசகினால் நல்ல முழங்காலே தாங்காது. மகனைத் துணையோடு முன்னால் அனுப்பிவிட்டு, நீங்கள் கிழக்கு வெளுக்கும்போது கிளம்புங்கள். அக்டோபரில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்பே வந்துவிடும். மேகம் பெரும்பாலும் ஒன்பது மணிவாக்கில்தான் திரளும். ஏழரைக்கு உச்சியைத் தொட்டாலும் சிலாவோஸ், மஃபாத், சலாஸி மூன்று பள்ளத்தாக்குகளும் காலடியில் கிடக்கும். வானம் தெளிந்திருந்தால் வடகிழக்கே மொரீஷியஸும் தெரியும். உதயத்தைவிடப் பெரிய காட்சி இது, உதயத்துக்காக முழங்காலைப் பணயம் வைக்காதீர்கள்.

இறக்கத்துக்கு இரண்டு நடைக்கோல் கட்டாயம். ஏறும்போது இருந்த நீளத்தைவிடக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதையில் மரக்கட்டையைக் குறுக்கே பதித்துப் படி அமைத்திருப்பார்கள். மழை மண்ணைக் கரைத்துவிட, கட்டை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஈரக் கட்டைமேல் மிதிக்கவே கூடாது. கோலை முதலில் கீழே ஊன்றி, பக்கவாட்டில் திரும்பி, வலிக்கிற காலை முன்னால் இறக்குங்கள். அவசரமே வேண்டாம், பின்னால் வருபவருக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

இப்போதிலிருந்தே வாரம் இருமுறை மாடிப்படி இறங்கிப் பழகுங்கள், அப்புறம் மொரீஷியஸிலேயே இருக்கும் லே பூஸ் மலையை முதுகுப்பையோடு ஒருமுறை ஏறி இறங்குங்கள். அன்றிரவு மூட்டு வீங்கினாலோ, மடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாலோ, டாக்டரைப் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள்.

குளிரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் உச்சியில் தண்ணீரே உறையும். அக்டோபர் விடியலிலும் காற்று உடம்பைத் துளைக்கும். பருத்தி நனைந்தால் காயாது, கம்பளி அல்லது செயற்கை இழை உடையும் மழைக்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர்.

விடுதியில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், இன்றே முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். புரட்டாசி விரதம் இருப்பவர் என்றால் சைவச் சாப்பாடு வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். புயலுக்குப் பிறகு பாதைகளை மூடிவைப்பதும் உண்டு, கிளம்பும் முந்தின நாள் வனத்துறையின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசர உதவிக்கு 112. இறங்கிய அன்று இரவு சிலாவோஸிலேயே தங்குங்கள்; சேன் லூயிக்கு இறங்கும் சாலையில் நானூறு வளைவு, களைத்த உடம்போடு மகனை ஓட்ட விடாதீர்கள்.