முடிச்சுக்குப் பதில் பக்கிள்: விரல் வலிக்காரருக்கு உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 63. பணி ஓய்வுக்குப் பிறகு தஞ்சாவூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். அங்கே ஷூ கட்டாயம். வலது கை விரல் மூட்டுகளில் வாதம் இருப்பதால் காலையில் லேஸ் கட்டுவது பெரும்பாடாகிவிட்டது. வெல்க்ரோ ஷூ பள்ளிப் பிள்ளையுடையது போல் இருக்கிறது, மனம் ஒப்பவில்லை. உலோக பக்கிள் வைத்த தோல் ஷூ வாங்கினால் தீருமா? இருக்கிற லேஸ் ஷூவிலேயே பக்கிள் வைத்துத் தருவார்களா? மாலையில் கால் சற்று வீங்கும். சர்க்கரை நோய் இல்லை. கூடவே ஒன்று: பேத்தியின் பள்ளி ஷூவில் வார் அடிக்கடி பிய்ந்துவிடுகிறது. ஏன்?

பதில்: கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். காலையில், விரல்கள் மிகவும் விறைத்திருக்கும் நேரத்தில், உங்கள் இடுப்பு பெல்ட்டை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். வார் நுனியை வளையத்துக்குள் நுழைக்க வேண்டும், இழுத்துப் பிடிக்க வேண்டும், பிடித்த பிடி தளராமல் முள்ளை ஓட்டைக்குள் இறக்க வேண்டும், மிஞ்சிய நுனியைப் பக்கத்துத் தோல் வளையத்துக்குள் செருக வேண்டும். இந்த நான்கு வேலைகளில் மூன்றுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளிப் பிடிக்கும் பிடி வேண்டும். மூட்டுவாதம் முதலில் பறிக்கிற பிடியும் பெரும்பாலும் அதுதான். ஷூவில் இருப்பது இதே பக்கிள்தான். அளவு பாதி, இருப்பது தரைக்குப் பக்கத்தில், முதுகு வளைந்த நிலையில் பூட்ட வேண்டும். பெல்ட்டே தொல்லை தருகிறது என்றால் சாதாரண முள் பக்கிள் ஷூ உங்களுக்கு லேஸைவிடப் பெரிய நிம்மதி எதையும் தந்துவிடாது.

ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையின் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகத் தோல், தைக்கும் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். என் யோசனை ஒரு வரிதான்: தினமும் பூட்டித் திறக்கத் தேவையில்லாத பக்கிளாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்படி ஒன்று உண்டா என்றால், உண்டு. ஒற்றை வாரும் ஒற்றை பக்கிளும் உள்ளது, இரட்டை வாரும் இரட்டை பக்கிளும் உள்ளது என இரண்டு வகை ஆண்கள் ஷூ கடையில் கிடைக்கும். ‘மாங்க் ஸ்ட்ராப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஷூவைக் கையில் வாங்கியதும் பக்கிளின் பளபளப்பை விட்டுவிட்டு அதன் முதுகைப் பாருங்கள். நல்ல தயாரிப்பில் பக்கிளை ஷூவோடு இணைக்கும் சின்னத் தோல் துண்டுக்கு அடியில் எலாஸ்டிக் பட்டை ஒன்று மறைந்திருக்கும். பூட்டிய நிலையிலேயே பக்கிளை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். அரை முதல் ஒரு செ.மீ. வரை நகர்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தால் எலாஸ்டிக் இருக்கிறது. அசையவே இல்லை என்றால் இல்லை. எலாஸ்டிக் உள்ள ஷூவை முதல் நாள் உங்கள் மனைவியோ பிள்ளையோ சரியான ஓட்டையில் பூட்டிவிட்டால் போதும். பிறகு பாதத்தை நுழைப்பதும் எடுப்பதும்தான் வேலை. இரட்டை பக்கிள் ஷூ அணிபவர்களில் பலர் கீழ் பக்கிளைத் திறப்பதையே வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறார்கள்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள். குதிகாலை வழுக்கி ஷூவுக்குள் இறக்க உதவும், நீளக் கைப்பிடி உள்ள ஷூ ஹார்ன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போதிய நீளம் இருந்தால் நின்றபடியே, குனியாமல் குதிகாலை இறக்கலாம். அது இல்லாமல் பூட்டிய ஷூவுக்குள் காலைத் திணித்தால் குதிகாலுக்குப் பின்னால் நிற்கும் சுவர் மடங்கி நைந்துவிடும். அது நைந்த ஷூவை எந்த பக்கிளாலும் காலோடு பிடித்துவைக்க முடியாது. இரண்டாவது, தோல் உழைக்கும் காலம்வரை எலாஸ்டிக் உழைக்காது. அது தொளதொளத்ததும் ஷூவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தோல் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் தையலைப் பிரித்துப் புதுத் துண்டு வைத்துத் தைத்துவிடுவார்.

பக்கிளைத் திறந்தே மாட்ட வேண்டிய நாள்களும் வரும். அப்போது நம்மில் பலர் செய்யும் தவறு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கணுக்காலை மறு முழங்கால்மேல் தூக்கிப் போட்டுக்கொள்வது. லேஸுக்கு அது வசதி. பக்கிளோ பாதத்தின் வெளிப்புறத்தில் இருக்கும். நடக்கும்போது ஒரு பக்கிள் மறு பக்கிளில் சிக்கக்கூடாது என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். காலை முழங்கால்மேல் போட்டதும் பாதத்தின் உட்புறம் வானத்தைப் பார்க்கும், பக்கிள் இருக்கும் பக்கம் அடியில் போய்விடும். தடவித் தடவித்தான் முள்ளைத் தேட வேண்டும். எதிரே ஒரு சின்ன முக்காலியைப் போட்டு, காலை அதன்மேல் நீட்டி வைத்துப் பூட்டிப் பாருங்கள். பக்கிள் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

அளவு விஷயத்தில் லேஸுக்கும் பக்கிளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. சாதாரண அலுவலக ஷூவில் லேஸ் கோக்கும் ஓட்டைகள், அதாவது கண்கள், ஐந்தாறு ஜோடி இருக்கும். லேஸ் அவற்றின் வழியாகப் புறங்கால் முழுவதும் பரவிப் பிடிக்கும். மேலே இறுக்கம், கீழே தளர்வு என்று மாற்றிக்கொள்ளலாம். பக்கிள் வாரோ ஒரே இடத்தில் பிடிக்கிறது. மொத்தப் பிடிப்பும் அந்த ஒரு பட்டையின் கீழ் விழுகிறது. அதனால் வார் அகலமாக இருக்க வேண்டும். இரண்டு செ.மீ.க்குக் குறைந்த வார் பார்க்க நாகரிகமாக இருக்கும், மாலையில் புறங்காலில் கோடு போட்டிருக்கும். ஒல்லியான பாதம் என்றால் இன்னொரு சிக்கல்: முன்பாதத்தைப் பிடிக்க ஏதும் இல்லாததால் கால் முன்னோக்கி வழுக்கி விரல் நுனி இடிக்கும். மெல்லிய இன்சோல் (பாதத்துக்கு அடியில் வைக்கும் உள் அட்டை) ஒன்று உள்ளே போட்டால் பெரும்பாலும் சரியாகும். உயர்ந்த புறங்கால் உள்ளவர்களுக்கு இந்த வகை ஷூவை நான் சொல்வதே இல்லை.

கால் வீக்கம் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஷூ வாங்க மாலையில் போங்கள், காலையில் வேண்டாம். அலுவலகத்துக்கு அணியும் அதே தடிமனான காலுறையோடு போங்கள். மூன்று ஓட்டை இருந்தால் நடு ஓட்டையில் பூட்டியதும் சரியாக இருக்க வேண்டும்; வாருக்கும் புறங்காலுக்கும் இடையே ஆள்காட்டி விரல் சிரமமின்றி நுழைய வேண்டும். கடைசி ஓட்டையில்தான் பூட்ட முடிகிறது என்றால், ‘போகப் போகத் தோல் இளகிவிடும்’ என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் கேட்காதீர்கள். இளகுவது உண்மை. ஆனால் நல்ல வாருக்குள் நீளாமல் இருக்க நைலான் பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். சுற்றியுள்ள அப்பர் இளகும், வார் இளகாது. ஓட்டைக்கு ஓட்டை ஏறக்குறைய ஒரு செ.மீ. இடைவெளி இருப்பதால் காலையில் பொருந்தும் ஓட்டை மாலையில் இறுக்கும், அடுத்தது தொளதொளக்கும். இடையில் ஒரு புது ஓட்டை போட்டுக்கொள்ளலாம். அதை ஆணியால் குத்தாதீர்கள். ஆணி தோலைக் கிழித்து வழி உண்டாக்கும், அந்தக் கிழிசல் நாளுக்கு நாள் நீளும். வட்டமாக வெட்டி எடுக்கும் பஞ்ச் கருவி செருப்புத் தைப்பவரிடம் இருக்கும். வீக்கம் புதிதாக வந்தது என்றாலோ, ஒரு காலில் மட்டும் என்றாலோ ஷூவை விட்டுவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

உங்களுக்குச் சர்க்கரை இல்லை. ஆனாலும் இதைப் படிக்கும் பலருக்கு இருக்கும் என்பதால் ஒரு வார்த்தை: பாதத்தில் உணர்ச்சி மங்கியவர்கள் பக்கிள் பக்கமே போக வேண்டாம். இறுக்கம் தெரியாமலே புண்ணாகிவிடும். எந்த அளவிலும் நிறுத்திக்கொள்ள வசதியான அகல வெல்க்ரோ வார்தான் அவர்களுக்கு ஏற்றது.

இனி, பழைய லேஸ் ஷூவில் பக்கிள் வைக்கும் ஆசை. நீங்கள் 250 ஆண்டு தாமதமாகக் கேட்கிறீர்கள். லண்டன்காரரான சாமுவேல் பீப்ஸ், ஷூவுக்கு பக்கிள் போட ஆரம்பித்ததை 1660 ஜனவரி 22 அன்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் பக்கிள் என்பது ஷூவிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய தனி நகையாகவே இருந்தது. வெள்ளியிலும் போலிக் கல் பதித்தும் செய்வார்கள். அடியில் கூரிய பற்கள் இருக்கும், இரண்டு பக்கத் தோல் பட்டைகளையும் அது கவ்விக்கொள்ளும். ஷூ தேய்ந்தால் பக்கிளைக் கழற்றி அடுத்த ஷூவில் மாட்டிக்கொள்வார்கள். பிறகு கயிறு கட்டும் ஷூ நாகரிகமானது. 1791இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர பக்கிள் தொழிலாளர்கள் பிழைப்பு போகிறது என்று பட்டத்து இளவரசரான வேல்ஸ் இளவரசரிடம் மனு கொடுத்தார்கள். அவர் ஆதரவு காட்டியும் நாகரிகம் திரும்பவில்லை. லேஸ் பக்கிளைத் துரத்தியது; நீங்கள் லேஸிலிருந்து பக்கிளுக்கு எதிர்த்திசையில் போகிறீர்கள்.

இன்றைய ஷூவில் பக்கிள் தனி உறுப்பு இல்லை. வாரும் அப்பரும் வெட்டும்போதே சேர்த்துத் திட்டமிடப்படுபவை. கண்கள் உள்ள இரண்டு பக்கத் தோலும் நாக்குக்குமேல் தனித்தனியாகத் திறந்து நிற்கும் ஷூவாக இருந்தால், தேர்ந்த கைவினைஞர் ஒருவர் வார் வைத்துத் தைத்துவிடலாம். ஆனால் பழைய கண்களின் ஓட்டைகள் பல்லை இளித்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத் தோல்கள் கீழே மூடித் தைக்கப்பட்ட வகை என்றால் முயற்சியே வேண்டாம். அந்த ஷூவுக்கு எலாஸ்டிக் லேஸ் கோத்துவிடுங்கள். கறுப்பில் கிடைக்கும். ஒரு முறை கோத்து உள்பக்கம் முடிந்துவிட்டால் பார்ப்பவருக்கு சாதாரண லேஸாகத்தான் தெரியும், காலை நுழைத்தால் தானே விரியும். உண்மையைச் சொன்னால், புது ஷூ வாங்குவதற்கு முன் இதைத்தான் முதலில் செய்து பார்க்கச் சொல்வேன்.

வெல்க்ரோ பிடிக்காது என்கிறீர்கள். மேலே அழகுக்கு உலோக பக்கிளும் அடியில் வெல்க்ரோவும் வைத்த ஷூக்கள் உண்டு. வெளியே பார்த்தால் தெரியாது. உரித்து எடுக்கும்போது வரும் ‘கர்ர்’ சத்தம் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

உலோகத்தைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். கடையில் ஒரு சின்னக் காந்தத்தை பக்கிள்மேல் வையுங்கள். ஒட்டினால் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு. நம் ஊர் வியர்வையிலும் மழையிலும் முலாம் உரிந்ததும் துரு பிடித்துத் தோலில் பழுப்புக் கறை இறங்கும். ஒட்டாவிட்டால் பித்தளையாகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கலாம். பின்பக்கம், கண்ணில் படாத இடத்தில் தேய்ந்த முனை மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பலாகத் தெரிந்தால் துத்தநாகம். துத்தநாகக் கலவை துரு பிடிக்காது, ஆனால் அழுத்தம் தாங்காமல் முள்ளின் அடியில் முறியும். நான் பித்தளைக்குத்தான் வாக்களிப்பேன்.

சிலருக்கு உலோக முலாமில் உள்ள நிக்கல் ஒவ்வாது. காலுறை போடும் ஷூவில் இந்தத் தொல்லை குறைவு, வெறுங்காலில் போடும் பக்கிள் செருப்பில் அதிகம். அரிப்பு எந்த வடிவத்தில் வருகிறது என்று பாருங்கள். பக்கிளுக்கு நேர் கீழே காசு அளவில் மட்டும் சிவந்தால் சந்தேகம் நிக்கல்மேல். வார் படும் நீளம் முழுவதும் சிவந்தால் உலோகத்தைக் குறை சொல்ல வேண்டாம். தோல் பதனிடப் பயன்படும் குரோமியமோ பசையோ காரணமாக இருக்கலாம். அப்போது பக்கிளை மாற்றிப் பயனில்லை. தோல் மருத்துவரிடம் காட்டும்போது அந்த ஷூவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கடைசியாக உங்கள் பேத்தி. வார் எந்த இடத்தில் பிய்கிறது என்று எழுதவில்லை. நான் ஊகிப்பது இது: பள்ளியிலிருந்து வந்ததும் பக்கிளைத் திறக்காமல் ஒரு குதிகாலால் மறு ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக் கழற்றி மூலையில் எறிகிறாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு முழுவதும் வார் அப்பரோடு சேரும் இரண்டு மூன்று தையல்மேல் விழுகிறது. பெரும்பாலான பள்ளி ஷூ ரெக்ஸின் என்னும் செயற்கைத் தோல். ஊசி போன இடமெல்லாம் வரிசை ஓட்டையாகி, தபால்தலை கிழிவதுபோல் கிழிந்துவிடும். அதே ஓட்டைகளில் திரும்பத் தைத்தால் மாதம் ஒருமுறை தைக்க வேண்டியதுதான். உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசைவிடச் சற்றுப் பெரிய தோல் துண்டை வைத்து, மெழுகிட்ட நூலால் பழைய ஓட்டைகளைத் தவிர்த்துச் சதுரமாகத் தைத்து, நடுவில் குறுக்கே ஒரு பெருக்கல் குறியும் போடச் சொல்லுங்கள். பசை மட்டும் தடவித் தந்தால் வாங்காதீர்கள். பக்கிள் பக்கத்தில் எலாஸ்டிக் துண்டு ஒன்றும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அதைச் சேர்த்துவிட்டால் அவள் மிதித்தே கழற்றிக்கொள்ளட்டும், ஷூ தாங்கும்.