அபராத ரசீது விடுதலைப் பத்திரம் அல்ல

கேள்வி: தண்ணீர் லாரி வரிசையில் நடந்த தகராறில் பக்கத்து வீட்டுக்காரரை அடித்ததாக என் மகன்மேல் வழக்கு. முதலில் கை நீட்டியவர் அவர்தான். நாங்கள் கொடுத்த புகாருக்கு வழக்குப் பதியவில்லை, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு சரி. ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் நான்கு வாய்தா முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமக்கும் கூலி போகிறது. வக்கீல் 15,000 கேட்கிறார். ஏட்டு, "ஒப்புக்கொண்டு இரண்டாயிரம் கட்டினால் இன்றே முடிந்தது" என்கிறார். மகன் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். ஏழைக்கு நீதியே கிடையாதா?
- ஒரு தாய், காசிமேடு

பதில்: யார் முதலில் அடித்தார், ஏட்டு யார் பக்கம் என்பதை எல்லாம் ஒதுக்கிவையுங்கள். கட்டப்போவது அபராதமா, வேறு ஏதாவதா என்பதுதான் கேள்வி. அபராதம் என்பது தண்டனை. அதைக் கட்டுவதற்கு முன்னால் உங்கள் மகனைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பு எழுதும்.

கூண்டில் ஏறி "ஆமாம் ஐயா" என்று சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. பெயர் கூப்பிட்டு, பணம் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பதினொன்றரைக்குள் வேலைக்குப் போய்விடலாம். அப்படிப் போன ஒருவர் மூன்று ஆண்டு கழித்து என்னிடம் வந்தார். அந்த ரசீதை லேமினேஷன் செய்து வைத்திருந்தார், வழக்கு முடிந்ததற்கு ஆதாரமாம். வேலைக்கான காவல்துறை விசாரணையில் அவரைக் கவிழ்த்ததே அந்த ரசீதுதான். தானே ஒப்புக்கொண்ட குற்றத்துக்கு மேல்முறையீட்டில் தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் மட்டுமே கேட்க முடியும். குற்றமே செய்யவில்லை என்று வாதிட வழியில்லை.

எனவே ராஜியாகப் போங்கள். உங்களுக்குக் கோபம் வரும், வரட்டும். குற்றப்பத்திரிகையைப் பாருங்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2), அதாவது சாதாரணக் காயம், மட்டும் இருந்தால் காயம்பட்டவர் நீதிமன்றத்தில் சம்மதித்தால் போதும். அப்படி முடிந்த வழக்கு சட்டப்படி விடுதலைக்குச் சமம். ஆனால் நம் ஊர்க் காவல் நிலையங்களில் வசை பேசியதாக 296(b) பிரிவையும் பழக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். அதை மாஜிஸ்திரேட் முன் ராஜி செய்ய முடியாது. இருவரும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும்.

அடுத்து நான் அதிகம் பார்த்த தவறு. தெருப் பெரியவர் முன்னிலையில் முத்திரைப் பத்திரத்தில் எழுதி, மருத்துவச் செலவையும் கையில் கொடுத்துவிடுவார்கள். வாய்தா அன்று எதிர்த் தரப்பு வராது, அல்லது வந்து "இன்னும் ஐந்தாயிரம்" என்று நிற்கும். அந்தப் பத்திரம் வழக்கை முடிக்காது. பணத்தை ராஜி மனு தாக்கலாகும் நாளில், நீதிமன்றத்தில் வைத்தே கொடுங்கள். உங்கள் எதிர்ப்புகாரைக் கைவிடுவதாகவும் பேரம் பேசலாம், அந்த சி.எஸ்.ஆர். ரசீதுக்கு அவ்வளவுதான் பயன்.

காவலர் வேலை பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சந்தேகத்தின் பலனாலோ, சாட்சி பேச்சு மாறிய பிறழ்சாட்சியாலோ விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகக் கருதும் விதி தமிழ்நாட்டில் இருக்கிறது. ராஜியானாலும் கேள்வி கேட்பார்கள். ஆனாலும் விண்ணப்பத்தில் வழக்கை மறைக்காதீர்கள். சின்ன வழக்கைச் சொன்னவருக்கு வாய்ப்பு மிஞ்சலாம். மறைத்தவருக்கு அந்த மறைப்பே தனிக் குற்றச்சாட்டாகிவிடும். மறைப்பை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது.

15,000 இல்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் வருமானம் பார்ப்பதில்லை. மற்றவர்களில் பலருக்கு வரம்பு உண்டு. இலவச வக்கீல் ஒழுங்காக வரமாட்டார் என்பீர்கள். சிலர் அப்படித்தான். வராதவரை மாற்றித் தரச் சொல்லி அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். அதுவரை எந்த வாய்தாவையும் சொல்லாமல் விடாதீர்கள். வர முடியாத நாளுக்கு வக்கீல் மூலம் மனு போடச் சொல்லுங்கள்; பிடிவாரண்ட் வந்தால் போவது ஒரு நாள் கூலி மட்டுமாக இருக்காது.