வாசகர் கேள்வி: சாகோஸ் மக்கள் ஊர் திரும்புவார்களா?

கேள்வி: 2021-இல் ஈழத்தமிழ் அகதிகளின் படகு சென்றடைந்த டியேகோ கார்சியா தீவை மொரீஷியஸிடம் ஒப்படைக்க பிரிட்டன் இசைந்துவிட்டதே, அங்கிருந்து விரட்டப்பட்டவர்கள் இனி ஊர் திரும்பலாமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: டியேகோ கார்சியாவுக்கு முடியாது. 1968-இல் மொரீஷியஸுக்கு விடுதலை தருவதற்கு முன்பே, 1965-இல், இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியாவை உள்ளடக்கிய சாகோஸ் தீவுக்கூட்டத்தை அதிலிருந்து பிரித்தெடுத்து ஒரு புதிய காலனியாக்கியது லண்டன். அமெரிக்கப் படைத்தளத்துக்கு இடம் தருவதே நோக்கம். மொரீஷியஸுக்குக் கிடைத்த தொகை 30 லட்சம் பவுண்டு.

அங்கே தென்னந்தோட்டங்களில் கொப்பரைத் தொழில் செய்து தலைமுறைகளாக வாழ்ந்துவந்த மக்கள் இருந்தார்கள். அவர்களை நிரந்தரக் குடிகள் என்று ஒப்புக்கொண்டால், ஐ.நா. சாசனத்தின் 73-ஆவது பிரிவின்படி அவர்கள் நிலை குறித்து உலகுக்கு அறிக்கை தரும் கடமை வந்து சேரும் என்பதால், பாட்டன், பூட்டன் அடக்கமான மண்ணிலேயே பிறந்தவர்களையும் ஒப்பந்தக் கூலிகள் என்றே அதிகாரிகள் கோப்புகளில் எழுதிவைத்தார்கள். வெளியேற்றத்தைச் சாத்தியமாக்கியது கப்பல்களைவிட இந்தக் கோப்புகள்தாம் என்பது என் எண்ணம். மருத்துவத்துக்காக மொரீஷியஸ் சென்றவர்களுக்குத் திரும்பிவரக் கப்பல் மறுக்கப்பட்டது. 1971-இல் டியேகோ கார்சியாவில் அவர்கள் வளர்த்த நாய்கள் நச்சுப்புகையிட்டுக் கொல்லப்பட்டன. 1973-க்குள் எல்லாத் தீவுகளும் காலியாகி, சுமார் 1,500 முதல் 2,000 பேர் வரை மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் ஏதிலிகளாயினர்.

திரும்பத் தடை விதித்த ஆணை செல்லாது என்று 2000-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தும், 2004-இல் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விடாமலே, அரசியின் ஆணை வழியாக அரசு அத்தடையை மீண்டும் கொண்டுவந்தது. 2008-இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, 3-க்கு 2 என்ற கணக்கில், அதற்கு ஒப்புதல் தந்தது. உள்நாட்டு நீதிமன்றங்களில் அடைபட்ட வழி, மொரீஷியஸின் இறையாண்மை வழக்காக உலக அரங்கில் திறந்தது. 2019-இல் சர்வதேச நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தது சட்டத்துக்குப் புறம்பானது என்று 13 நீதிபதிகளின் ஆதரவுடன் கருத்துரைத்தது; எதிர்த்தவர் ஒருவரே. அதையொட்டிய ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு ஆதரவு 116 நாடுகள், எதிர்ப்பு ஆறு.

2025 மே 22 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு; டியேகோ கார்சியா மட்டும் 99 ஆண்டுகளுக்கு பிரிட்டன் வசமே இருக்கும். அதற்காக மொரீஷியஸுக்கு பிரிட்டன் தர இசைந்த தொகை, ஆண்டுக்குச் சராசரியாக 10.1 கோடி பவுண்டு. பிற தீவுகளில் மீள்குடியேற்றத்தை மொரீஷியஸ் நடத்தலாம். நடத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பேச்சு முழுவதும் இரண்டு அரசுகளுக்கிடையே நடந்ததால், மொரீஷியஸில் வாழும் சாகோஸ் மக்களில் பலர் உடன்படிக்கையை வரவேற்க, இங்கிலாந்தின் கிராலி நகரில் குடியேறியவர்களில் பலர், தங்களைக் கேளாமல் தங்கள் மண்ணைக் கைமாற்றியதாகச் சொல்லி எதிர்க்கிறார்கள்.