ரிப்போர்ட் நார்மல், உடம்பு மட்டும் வலிக்கிறது

கேள்வி: எனக்கு 44 வயது. வீட்டுத் தறிக்குத் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றுகிறேன். இரண்டு வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு, தொடை என்று உடம்பெல்லாம் வலி. காலையில் எழும்போதே அடித்துப் போட்டது போல இருக்கிறது. ரத்தம், தைராய்டு, எக்ஸ்ரே எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ‘ஃபைப்ரோமயால்ஜியா’ என்று எழுதி, இரவுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்தார். மருந்துக் கடையில் அது மனச்சோர்வு மாத்திரை என்கிறார்கள். மாமியாரோ ‘வேலைக்குச் சாக்கு’ என்கிறார். எனக்கு என்னதான் டாக்டர்?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: சாக்கு இல்லை அம்மா. ஃபைப்ரோமயால்ஜியா என்பது உடம்பெல்லாம் வலியும் அசதியும் நீடிக்கும் நிஜமான நோய். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, ‘ஒன்றுமில்லை, போங்கள்’ என்று பலரை அனுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் 18 இடங்களில் அழுத்திப் பார்த்து, 11 இடத்தில் வலித்தால்தான் இந்த நோய் என்று கணக்கு. 2010-ல் அந்தக் கணக்கு மாறியது. வலி எங்கெல்லாம் பரவியிருக்கிறது, தூங்கி எழுந்தும் அசதி இருக்கிறதா, மறதி உண்டா என்று இப்போது கேட்கிறோம்.

இந்த நோயில், வலியை வாங்கிக்கொள்ளும் நரம்பு மண்டலம் சின்ன வலியையும் பெரிதாக்கிக் காட்டுகிறது. எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியும்?

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதே மாத்திரை குறைந்த அளவில் வலியைத் தணிக்கும், தூக்கத்தையும் சீராக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம். கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள்தான் இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. தினமும் போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம்.

சரி, வலி குறைந்த நாளில் என்ன செய்கிறீர்கள்? விட்டுப்போன தாரையெல்லாம் ஒரே மூச்சில் சுற்றி, ஆடிப் பண்டிகை வருகிறதென்று வீட்டையும் கழுவிவிட்டு, அப்புறம் மூன்று நாள் படுக்கை. என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர் கதை இதுதான். நல்ல நாளிலும் அளவாகவே சுற்றுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து தோளை அசைத்துவிட்டு உட்காருங்கள். மொட்டை மாடியில் தினம் 5 நிமிடம் நடங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் போதும். ஆரம்பத்தில் வலி சற்றுக் கூடலாம். அதற்காக நடையை விட்டுவிடாதீர்கள், நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் ஐரோப்பிய மூட்டுநோய் வல்லுநர்கள் இந்த நோய்க்கு உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சியை மட்டும்தான். மாத்திரைகள்கூட அதற்குப் பின்னால்தான்.

எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது இதமாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். இரவு ஒரே நேரத்தில் படுங்கள், மாலைக்குமேல் காபி வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொல்லி நம்பாததை டாக்டர் வாயால் கேட்கட்டும்.