முதுகெலும்பில் லிம்போமா: கட்டியை எடுத்தால் போதுமா?

கேள்வி: என் அண்ணனின் முதுகெலும்புக்குள் இருந்த கட்டியை அகற்றிவிட்டார்கள், பயாப்ஸியில் பெரிய பி செல் லிம்போமா என்று வந்துள்ளது. கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, கீமோதெரபி எதற்கு?
– வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

பதில்: அறுவை சிகிச்சை தண்டுவடத்தின் மீதிருந்த அழுத்தத்தை நீக்கியிருக்கிறது, ஆனால் லிம்போமா வெள்ளணுக்களில் தோன்றும் புற்றுநோய் என்பதால், ஸ்கேனில் தெரியாத செல்கள் உடலின் வேறிடங்களிலும் இருக்கக்கூடும். ஆகவே பெரும்பாலும் 21 நாட்களுக்கு ஒருமுறை ரிட்டுக்ஸிமாப் என்ற, பி செல்களைக் குறிவைக்கும் மருந்து சேர்ந்த கீமோதெரபியும், தேவைப்பட்டால் கதிர்வீச்சும் தருவார்கள். ரிட்டுக்ஸிமாபுக்கு முன் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) பரிசோதனை அவசியம். இவ்வகைக் கட்டிகள் பெரும்பாலும் மருந்துக்கு நன்றாகக் கரைபவை என்பதால், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, விடியட்டும் என்று காத்திராமல், 108-ஐ அழைத்து அன்றிரவே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.